காலமறிந்து செய்ய வேண்டிய பரிசோதனை

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருப்பது முதன்முதலாக 1987 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் நீண்ட காலமாக, ஆண்டுதோறும் புதிதாக இனங்காணப்படுவோரின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்து வந்தது. எனினும், 2022 ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 600 ஐக் கடந்தது. அதனை அடுத்து வந்த ஆண்டுகளிலும் அது மேலும் உயர்ந்தது. இவ்வாறு இனங்காணப்படுவோரில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்களாவர். முன்னரை விடக் கூடுதலானோர் பரிசோதிக்கப்படுவதும் இந்த அதிகரிப்புக்கு ஒரு காரணம் என்பதை ஏற்றுக்கொள்ளும் அதேவேளை, தொற்று எம்மத்தியில் பரவிக்கொண்டிருக்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

எச்.ஐ.வி. பற்றியாவது அவ்வப்போது பேசப்படுகின்றது. ஏனைய பாலியல் தொற்றுகளைப் பற்றி எமது சமூகத்தில் அநேகமாக எவரும் வாய் திறப்பதில்லை. கிளமிடியா, கொனோறியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு நோய்களால் மாத்திரம் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 37 கோடி 40 இலட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதாவது, நாளொன்றுக்குப் பத்து இலட்சத்திற்கும் அதிகமான தொற்றுகள். இந்நான்கும் மருந்தினால் குணப்படுத்தக்கூடியவை என்பது கவனத்திற்குரியது.

முன்பின் அறியாத ஒருவருடனோ, உடல்நிலை பற்றி எதுவும் தெரியாத ஒருவருடனோ பாதுகாப்பற்ற உடலுறவில் ஈடுபட்ட பின்னர் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு நாம் விளக்க முனையும் விடயமாகும். அந்த உறவு சரியா, தவறா என்னும் விசாரணை எமது நோக்கமன்று. சமயங்கள் யாவும் ஒழுக்கத்தை வலியுறுத்துகின்றன. அதில் எமக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், நிகழ்ந்துவிட்ட ஒன்றின் விளைவு அதில் ஈடுபட்டவருடன் நின்றுவிடுவதில்லை. எதுவுமே அறியாத மனைவியையும், இன்னும் பிறவாத குழந்தையையும் அது தொடரக்கூடும். உயிரைப் பாதுகாத்தல் இஸ்லாமிய சட்டநெறியின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றென அறிஞர்கள் வகுத்துள்ளனர். பிற உயிருக்குத் தீங்கிழையாமை சைவத்தினதும் கிறிஸ்தவத்தினதும் போதனையாகும். ஆகவே, நிகழ்ந்ததன் பின்னர் செய்யவேண்டியதைச் செய்வதும் ஒரு கடமையே.

அச்சம் காட்டும் மூன்று வழிகள்

இத்தகைய நிலைக்கு உள்ளானவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றை நாடுகின்றனர். சிலர் மறுநாளே தனியார் ஆய்வுகூடமொன்றுக்கு ஓடிச்சென்று குருதியைப் பரிசோதித்து, "தொற்று இல்லை" என்னும் அறிக்கையைப் பெற்று நிம்மதியடைகின்றனர். வேறு சிலர் மருந்தகத்தில் வாய்மொழியாகக் கேட்டு நான்கைந்து மாத்திரைகளை வாங்கி விழுங்குகின்றனர். எஞ்சியோர் எதையும் செய்யாது, அறிகுறி ஏதும் தென்படுகின்றதா எனத் தமது உடலைத் தாமே நாள்தோறும் ஆராய்ந்த வண்ணம் மாதக்கணக்கில் மனப் போராட்டத்தில் வாழ்கின்றனர்.

இம்மூன்று வழிகளிலும் ஒரே குறைபாடு உள்ளது. நோய்க்கிருமி உடலுக்குள் புகுவதற்கும், அது பரிசோதனையில் தென்படுவதற்கும் இடையில் ஒரு கால இடைவெளி உண்டு என்பது அவற்றில் கருத்திற்கொள்ளப்படவில்லை. பரிசோதனையின் விடைக்குப் பொருளைக் கொடுப்பது அது செய்யப்படும் நாளேயாகும். உரிய நாளுக்கு முன்னர் கிடைக்கும் நல்ல அறிக்கை, கெட்ட அறிக்கையை விட ஆபத்தானதாக அமையலாம். ஏனெனில், அதனை நம்பி ஒருவர் வழமைபோல் தமது குடும்ப வாழ்க்கையைத் தொடர்ந்து விடுவார்.

உண்மையான ஆபத்து எவ்வளவு?

முத்தமிடுதல், கட்டியணைத்தல், ஒரே கோப்பையில் அருந்துதல், ஒரே கழிவறையைப் பயன்படுத்துதல், நுளம்புக் கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. அது குருதி, விந்து, யோனித் திரவம், ஆசனவாயின் உட்சுவர்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வாயிலாகவே பரவுகின்றது.

எச்.ஐ.வி. தொற்றுடையவரும், அதற்கான சிகிச்சையைப் பெறாதவருமான ஒருவருடன் ஆணுறையின்றி ஒரு தடவை யோனிவழி உறவு கொள்ளும்போது, பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் 8 எனவும், ஆணுக்குப் பத்தாயிரத்தில் 4 எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஆசனவாய்வழி உறவில், உட்படுத்தப்படுபவருக்கு இந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் 138 ஆகும். வாய்வழி உறவில் அது மிக மிகக் குறைவு. இவையாவும் சராசரிக் கணக்குகளே. இருவரில் எவருக்கேனும் பிறப்புறுப்பில் புண் இருப்பின், அல்லது தொற்றுடையவர் அண்மையிலேயே தொற்றுக்குள்ளாகி அவரது குருதியில் வைரஸ் மிகுந்திருக்கும் காலமாயின், ஆபத்துப் பன்மடங்காகின்றது. மறுபுறத்தில், தொடர்ச்சியாக மருந்து உட்கொண்டு, குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துள்ள ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்.ஐ.வி. தொற்றுவதில்லை என்பது இன்று உறுதியாக நிறுவப்பட்டுள்ள மருத்துவ உண்மையாகும்.

இதனுடன் கொனோறியாவை ஒப்பிட்டுப் பார்ப்போம். தொற்றுடைய பெண்ணுடனான ஒரே உறவில் ஆணுக்கு அது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்திலொன்று. தொற்றுடைய ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டிலொன்று. எமது மக்களின் அச்சம் முழுவதும் எச்.ஐ.வி. மீதே குவிந்துள்ளது. ஆயினும், ஒரு தற்செயலான உறவின் பின்னர் உடலில் குடியேறும் வாய்ப்பு அதிகமாக உள்ளவை, எவரும் அஞ்சாத, எவரும் பரிசோதிக்காத ஏனைய தொற்றுகளே. எச்.ஐ.வி. சோதனையை மாத்திரம் செய்துவிட்டு "எல்லாம் சரி" என எண்ணுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

முதல் 72 மணித்தியாலங்கள்

காத்திருக்கவே கூடாத ஒரு விடயமும் உண்டு. எச்.ஐ.வி. கிருமி உடலினுள் நிலைகொள்வதைத் தடுக்கும் மருந்து முறை அது. உறவு நிகழ்ந்து 72 மணித்தியாலங்களுக்குள், அதாவது மூன்று நாட்களுக்குள், அதனைத் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்கப்படுகின்றதோ அவ்வளவுக்குப் பலன் அதிகம். 28 நாட்கள் ஒரு நாளும் தவறாது மருந்தை உட்கொள்ள வேண்டும். மூன்று நாட்கள் கடந்த பின்னர் அதனால் பயனில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்ததற்கு அடுத்த வாரம் லீவு எடுத்துக்கொண்டு கிளினிக் போகலாம் என நினைப்பது பொருந்தாது. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் மூடப்பட்டிருக்கும் நேரமாயின், அருகிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இது குறித்து வினவலாம். இந்த மருந்து அனைவருக்கும் அவசியமானதன்று. உறவின் தன்மையையும் மற்றவரின் நிலையையும் கேட்டறிந்து வைத்தியரே அதனைத் தீர்மானிப்பார்.

இந்நாட்களிலேயே கவனிக்க வேண்டியவை மேலும் இரண்டு உள்ளன. முதலாவது, ஹெப்பற்றைற்றிஸ் பி எனப்படும் ஈரல் அழற்சி. இதற்கான தடுப்பூசி எமது நாட்டின் சிறுவர் தடுப்பூசித் திட்டத்தில் 2003 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்படத் தொடங்கியது. எனவே, அதற்கு முன்னர் பிறந்தவர்களுள் பலர் அதனைப் பெற்றிருக்க மாட்டார்கள். அத்தகையோர் இயன்றளவு விரைவாக, இரு வாரங்களுக்குள், வைத்தியரிடம் அது பற்றிக் கேட்க வேண்டும். இரண்டாவது, கருத்தரிப்பு. அவசர கருத்தடை மாத்திரையையும் மூன்று நாட்களுக்குள் உட்கொள்ள வேண்டும். ஆனால், அது கருவைத் தடுக்குமேயன்றித் தொற்று எதனையும் தடுக்காது. இந்த வேறுபாட்டை அறியாத இளைஞர் யுவதிகள் பலர் எம்மத்தியில் உள்ளனர்.

உறவு ஒருவரின் விருப்பத்திற்கு மாறாக நிகழ்ந்திருப்பின் அது குற்றச்செயலாகும். பாதிக்கப்பட்டவர் குளிப்பதற்கோ உடைமாற்றுவதற்கோ முன்னர் வைத்தியசாலைக்குச் செல்வது, சிகிச்சைக்கும் சட்ட நடவடிக்கைக்கும் உதவும். 1938 என்னும் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கத்தின் ஊடாகவும் உதவி பெறலாம்.

இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம்

தொற்று ஏற்பட்ட போதிலும் பரிசோதனையில் அது தென்படாத காலப்பகுதியை மருத்துவர்கள் சாளரக் காலம் என்பர். அது நோய்க்கு நோயும், சோதனைக்குச் சோதனையும் வேறுபடும்.

கொனோறியா, கிளமிடியா ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னர் கண்டறியலாம். இவற்றுக்குக் குருதிப் பரிசோதனை உதவாது. ஆண்களிடம் சிறுநீர் மாதிரியும், பெண்களிடம் யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கப்படும் மாதிரியும் பெறப்படும். சிறுநீர் கொடுப்பதற்கு முன்னர் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காதிருத்தல் நல்லது. வாய்வழியாகவோ ஆசனவாய்வழியாகவோ உறவு நிகழ்ந்திருப்பின், தொண்டையிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். இதனை வைத்தியரிடம் மறைத்தால், தொற்று இருக்கும் இடம் பரிசோதிக்கப்படாமலேயே போய்விடும். வைத்தியர் இவற்றைக் கேட்பது சிகிச்சைக்காகவே என்பதை உணர்ந்து, ஒளிவுமறைவின்றிப் பதிலளிக்க வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை, நாளத்திலிருந்து எடுக்கப்படும் குருதியில் வைரஸின் ஒரு பகுதியையும் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளையும் ஒருங்கே தேடும் ஆய்வுகூடச் சோதனையே தற்போது பரவலாகப் பயன்படுகின்றது. இது உறவு நிகழ்ந்து 45 நாட்களின் பின்னர், அதாவது ஆறு வாரங்களைக் கடந்து, செய்யப்பட்டுத் தொற்று இல்லையெனக் காட்டினால், அதனைப் பெரிதும் நம்பலாம். விரல் நுனியில் குத்தி எடுக்கப்படும் குருதியில் செய்யும் உடனடிச் சோதனைக்கும், வாய்த் திரவத்தைக் கொண்டு தாமே செய்து பார்க்கும் சோதனைக்கும் 90 நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். இத்தகைய சோதனைகளில் தொற்று உண்டெனக் காட்டினாலும் அது இறுதி முடிவாகாது. ஆய்வுகூடத்தில் மீண்டும் உறுதிசெய்யப்பட வேண்டும். தடுப்பு மருந்தை 28 நாட்கள் உட்கொண்டவர்களுக்கு, இந்த நாட்கணக்கு மருந்து முடிந்த நாளிலிருந்தே தொடங்கும்.

சிபிலிஸ் நோயில், கிருமி புகுந்து 10 முதல் 90 நாட்களுக்குள், சராசரியாக மூன்று வாரங்களில், அது புகுந்த இடத்தில் வலியற்ற ஒரு புண் தோன்றும். குருதிப் பரிசோதனையை ஆறாவது வாரத்திலும், இறுதி உறுதிக்காக மூன்றாவது மாதத்திலும் செய்தல் பொருத்தமானது. புண் தென்படின் எந்த நாளையும் எதிர்பாராது உடனடியாகச் செல்ல வேண்டும். ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றுக்கான குருதிப் பரிசோதனையையும் மூன்றாவது மாதத்தில் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

ஆகவே, எளிதில் நினைவில் வைக்கத்தக்க கணக்கு இதுதான்: தடுப்பு மருந்துக்கு மூன்று நாட்கள், சிறுநீர், பஞ்சுக்குச்சிச் சோதனைகளுக்கு இரண்டு வாரங்கள், முதற் குருதிப் பரிசோதனைக்கு ஆறு வாரங்கள், இறுதி உறுதிக்கு மூன்று மாதங்கள். இம்மூன்று மாதங்களிலும் வாழ்க்கைத் துணையுடனான உறவைத் தவிர்க்க வேண்டும். அல்லது தவறாது ஆணுறையைப் பயன்படுத்த வேண்டும். மூன்றாம் மாதச் சோதனையும் நல்ல முடிவைத் தந்து, இடையில் வேறு ஆபத்தான உறவு எதுவும் நிகழாதிருப்பின், அந்த நிகழ்வு தொடர்பான அச்சத்தை அத்துடன் விட்டுவிடலாம். அதன் பின்னரும் வாரந்தோறும் குருதியைப் பரிசோதிப்பவருக்குத் தேவைப்படுவது மனநல ஆலோசனையேயாகும்.

இக்காலத்தில் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்றையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளும் நோக்கில் இரத்ததான முகாமுக்குச் செல்வது பெருந்தவறாகும். தானமாகப் பெறப்படும் குருதி யாவும் பரிசோதிக்கப்படுவது உண்மையே. ஆனால், சாளரக் காலத்தில் உள்ளவரின் தொற்று அங்கும் தப்பிவிடக்கூடும். அந்தக் குருதி ஏற்றப்படுபவர் ஒரு பிரசவத் தாயாகவோ, தலசீமியா நோயால் வாடும் சிறுவனாகவோ இருக்கலாம்.

அறிகுறியை நம்பலாமா?

உடலில் எதுவும் தெரியவில்லை. ஆகவே நோய் எதுவுமில்லை என்பது எம்மவரிடையே வேரூன்றியுள்ள எண்ணம். கொனோறியா ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் சிறுநீர் எரிவையும் சீழ் போன்ற கசிவையும் ஏற்படுத்தும். பெண்களிடத்தில் அது பல சந்தர்ப்பங்களில் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலானோருக்கும், ஆண்களுள் கணிசமானோருக்கும் அறிகுறியே தோன்றாது. ஆனால், சிகிச்சை பெறாத பெண்ணின் கருப்பைக் குழாய்களை அது மெதுவாகச் சிதைக்கின்றது. பின்னாளில் குழந்தைப் பேறின்மையும், கரு கருப்பைக்கு வெளியே தங்கி உயிராபத்து விளைவிப்பதும் இதனால் நேரிடலாம். குழந்தை இல்லையென்று கோயில் கோயிலாகவும் வைத்தியர் வைத்தியராகவும் அலைந்து, ஊராரின் பழிச்சொல்லையும் சுமக்கும் பெண்களுள் ஒரு சாராரின் துன்பத்திற்கு மூலகாரணம், கணவரிடமிருந்து பெற்ற, எவராலும் கண்டறியப்படாத இத்தகைய தொற்றாக இருக்கக்கூடும்.

சிபிலிஸ் இன்னும் வஞ்சகமானது. முதலில் தோன்றும் புண் மருந்தின்றியே ஆறிவிடும். நோய் குணமாகிவிட்டதென அவர் எண்ணுவார். சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றி, அவையும் மறைந்துவிடும். அதன் பின்னர் பல ஆண்டுகள் மறைந்திருந்து, இருதயத்தையோ மூளையையோ தாக்கலாம். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டால் பென்சதீன் பென்சிலின் ஊசி ஒரே தடவை ஏற்றுவது போதுமானது என்பதை நோக்கும்போது, காலம் தாழ்த்துவதால் ஏற்படும் இழப்பு எத்தகையது என்பது புலனாகும்.

எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, தோலில் தடிப்பு, உடல் அசதி என்பன ஏற்படுவதுண்டு. டெங்குக் காய்ச்சலிலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவையெல்லாம் தோன்றும். ஆகையால், காய்ச்சல் வந்ததைக் கொண்டு தொற்று உண்டெனவோ, வராததைக் கொண்டு தொற்று இல்லையெனவோ முடிவுகட்ட இயலாது. பரிசோதனை ஒன்றே வழி.

சில தொற்றுகளுக்கு இந்த நாட்கணக்கு பொருந்தாது என்பதையும் கூற வேண்டும். ஹேர்பீஸ் என்னும் கொப்புள நோயைக் கண்டறிவதற்கு, கொப்புளம் இருக்கும்போது அதிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். அறிகுறியற்றவர்களுக்குக் குருதிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2017 ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்பட்டு வருகின்றது. பெற்றோர் சிலர் தயக்கம் காட்டுவது வருந்தத்தக்கது. இது பிள்ளையின் ஒழுக்கம் பற்றிய சந்தேகத்தினால் ஏற்றப்படும் ஊசியன்று. எதிர்காலத்தில் திருமணத்தின் வாயிலாகவும் அவளுக்குத் தொற்றக்கூடிய ஒரு வைரஸிலிருந்து காக்கும் கவசமாகும்.

மருந்தகத்தில் கிடைக்கும் நிவாரணம்

மருத்துவச் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை வாங்குவது எமது நகரங்களில் கடினமானதன்று. பெயர் கூற வேண்டியதில்லை, கிளினிக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் பலர் இவ்வழியை நாடுகின்றனர். ஒரு காலத்தில் கொனோறியாவைக் குணப்படுத்திய சிப்ரோபிளொக்சசின் போன்ற மாத்திரைகளுக்கு இன்று அக்கிருமி பெருமளவில் கட்டுப்படுவதில்லை. தற்போது அதற்கு ஊசி மருந்தே முதன்மையான சிகிச்சையாக உள்ளது. அரைகுறையாக உட்கொள்ளப்படும் மாத்திரைகள் எரிவைத் தணித்து, கிருமியை உள்ளே விட்டுவைக்கின்றன. பின்னர் செய்யப்படும் சோதனைகளையும் அவை குழப்புகின்றன. மேலும், ஒரு நோய்க்கு மருந்து உட்கொண்டவர், அதே உறவில் தொற்றியிருக்கக்கூடிய மற்றொன்றைப் பரிசோதிக்காமலேயே விட்டுவிடுகின்றார்.

எங்கு செல்வது?

சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அமைந்துள்ளது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, கண்டி உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் அரசாங்க வைத்தியசாலைகளைச் சார்ந்து இத்தகைய நிலையங்கள் இயங்கி வருகின்றன. இங்கு செல்வதற்கு வேறொரு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை யாவும் இலவசமானவை. இரகசியம் பேணப்படும். எச்.ஐ.வி. தொற்று உறுதிசெய்யப்பட்டோருக்கு வாழ்நாள் முழுவதுக்குமான மருந்தும் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. அம்மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் ஏனையோரைப் போன்று நீண்ட காலம் வாழவும், தொழில் புரியவும், தொற்றில்லாத குழந்தையைப் பெறவும் இயலும்.

சிறிய ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கிளினிக் வாசலில் உறவினரோ அயலவரோ கண்டுவிடுவாரோ என்னும் அச்சமே அது. அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அத்தகையோர் அயல் மாவட்டத்திலுள்ள நிலையமொன்றுக்குச் செல்வதற்குத் தடையேதும் இல்லை. மொழிப் பிரச்சினையும் கவனிக்கப்பட வேண்டியது. அந்தரங்கமான இவ்விடயத்தைத் தாய்மொழியில் கூறுவதற்கே தயங்கும் ஒருவர், அரைகுறையாகத் தெரிந்த வேறொரு மொழியில் எவ்வாறு கூறுவார்? தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளுக்கு வெளியேயும், குறிப்பாக மலையகத்திலும் கொழும்பிலும், தமிழில் ஆலோசனை வழங்கக்கூடியோர் போதியளவு நியமிக்கப்படுவது இன்றியமையாதது.

வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் விடயத்திலும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழிலுக்காகச் செல்வோர் மருத்துவச் சான்றிதழ் பெற்றே செல்கின்றனர். அச்சான்றிதழ் அன்றைய நாளின் நிலையை, அதுவும் சாளரக் காலத்திற்கு முந்தைய நிலையை மட்டுமே காட்டும். பல ஆண்டுகளின் பின்னர் திரும்பி வருபவருக்கும், அவரது வரவுக்காக இங்கு காத்திருந்த துணைக்கும் அந்தப் பழைய சான்றிதழ் எவ்வித உத்தரவாதத்தையும் அளிப்பதில்லை. திருமணப் பேச்சில் சாதகப் பொருத்தமும் சீதனமும் பேசப்படுகின்றன. இரு தரப்பினரும் மனமுவந்து செய்துகொள்ளும் ஒரு பரிசோதனையும் அங்கு இடம்பெறுமாயின், அதனால் குறையொன்றும் நேர்ந்துவிடாது.

மௌனத்தின் விலை

2019 ஆம் ஆண்டு டிசம்பரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியன பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கு இச்சோதனைகள் வழமையாகச் செய்யப்படுவதே இச்சாதனைக்கு அடிப்படை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து அழைக்கிறார், தாய் செல்கிறாள், குருதி எடுக்கப்படுகின்றது, எவரும் அவளது ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதில்லை. பரிசோதனை வழமையாகும் இடத்தில் வெட்கம் தானாகவே விலகிவிடுகின்றது.

ஆனால், இதன் மறுபக்கம் வேதனைக்குரியது. தனக்குத் தொற்று உண்டு என்பதை ஒரு பெண் தனது முதலாவது குழந்தையைச் சுமக்கும் காலத்தில், கர்ப்பிணிகள் கிளினிக்கில்தான் முதன்முதலாக அறிய நேர்கின்றது என்றால், அதற்கு முன்னரே பரிசோதித்திருக்க வேண்டிய ஒருவர் மௌனமாக இருந்துள்ளார் என்பதே பொருள். ஆணின் அச்சத்திற்கும் வெட்கத்திற்குமான விலையை அவள் செலுத்துகின்றாள்.

அந்த மௌனத்திற்கு அவர் மாத்திரம் பொறுப்பல்லர். 2016 ஆம் ஆண்டில் வடமேல் மாகாணத்தில், எச்.ஐ.வி. தொற்றே இல்லாத ஒரு சிறுவன், குடும்பத்தைப் பற்றி எழுந்த வதந்தியின் காரணமாகப் பாடசாலையில் சேர்த்துக்கொள்ளப்படாது அலைக்கழிக்கப்பட்டமை நாடறிந்தது. வதந்திக்கே இத்தகைய தண்டனை எனின், உண்மையை எவர் வெளியிடத் துணிவர்? தொற்றுடையவரை ஒதுக்கி வைக்கும் ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு ஊரும், இன்னும் பரிசோதிக்காதவர்களைக் கிளினிக் வாசலிலிருந்து திருப்பி அனுப்புகின்றது. அவர்கள் வழியாக நோய் அதே குடும்பங்களுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் மீண்டும் நுழைகின்றது.

தொற்று உறுதியானால், தாம் உறவு கொண்டவர்களுக்கு அதனை அறிவிக்க வேண்டிய கடப்பாடு ஒருவருக்கு உண்டு. நேரில் கூற இயலாதவர்கள் சிகிச்சை நிலைய ஊழியர்களின் உதவியை நாடலாம். சிகிச்சை பெறுபவரின் பெயரை வெளியிடாமலேயே மற்றவரைப் பரிசோதனைக்கு அழைக்கும் நடைமுறை அங்கு உண்டு. ஒருவர் மாத்திரம் மருந்தை உட்கொண்டு, துணை சிகிச்சை பெறாதிருப்பின், குணமாக்கப்பட்ட தொற்று மீண்டும் அவரையே வந்தடையும்.

பாடசாலைகளில் வயதுக்கேற்ற பாலியல் சுகாதாரக் கல்வியை மழுப்பாது கற்பிப்பதும், பள்ளிவாசல், ஆலய, தேவாலய நிர்வாகத்தினர் திருமணத்திற்கு முன்னரான ஆலோசனைகளில் இதற்கும் இடமளிப்பதும், சுகாதாரத் துறையினர் பரிசோதனை நிலையங்களின் நாட்களையும் நேரங்களையும் தமிழில் பரவலாக அறிவிப்பதும் உடனடியாகச் செய்யப்படக்கூடியவை. அவை நிகழும் வரை காத்திருக்க இயலாதவர்களும் இதனை வாசிப்போருள் இருப்பர். அந்த உறவு நிகழ்ந்து எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதை அவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கட்டும். மூன்று நாட்கள் கடக்கவில்லையெனில் இன்றே செல்ல வேண்டும். கடந்துவிட்டதெனில், இந்த வாரத்திலேயே ஒரு சிகிச்சை நிலையத்திற்குச் சென்று, எந்தச் சோதனையை எந்த நாளில் செய்வது என்பதைக் கேட்டறிந்து, அந்த நாள் வரை தமது துணையைப் பாதுகாக்க வேண்டும்.